மதகுக்கு அளவாக நின்றவள்

கிள்ளானில் எங்கள் கால்வாயின் மதகை மாதம் ஒருமுறை படம் எடுப்பது இருபது வருடத்துக்கு மேல் என் வேலையாக இருந்தது. வடிகால் அலுவலகத்தில் வரைபடம் போடுகிறவளாகத்தான் சேர்ந்தேன். கேமராவைத் தலைகீழாகப் பிடிக்காத ஒரே ஆள் நான் என்று தெரிந்ததும் அந்த வேலையையும் என் தலையில் கட்டிவிட்டார்கள். முணுமுணுத்துக்கொண்டே வாங்கிக்கொண்டேன். பிறகு யாராவது அதைப் பிடுங்கப் பார்த்தால் சண்டைக்குப் போகிற அளவுக்கு அது என்னுடையதாகிவிட்டது.

கால்வாய் தோட்டக் காலத்தது. சதுப்பு நிலத்தை வற்றவைத்துச் செம்பனை நடுவதற்காக எங்கள் ஆட்கள் மண்வெட்டியால் வெட்டியது. வெட்டி முடித்தபின் அதிலேயே எண்ணெய் ஆலையிலிருந்து பீப்பாய்களைத் தொங்காங் படகுகளில் ஏற்றி ஆற்றுக்குக் கொண்டுபோனார்கள். கால்வாய் ஆற்றில் சேரும் இடத்தில் செங்கல் சுவர்களுக்கு நடுவே இரும்புப் பலகை வைத்த மதகு. கடல் தண்ணீர் ஏறும்போது பலகையை இறக்குவார்கள், வற்றும்போது தூக்குவார்கள். இன்று அந்தப் பக்கம் வரிசை வரிசையாக நிற்கும் இணைப்பு வீடுகளில் இருப்பவர்களுக்கு இதெல்லாம் தெரியாது. அவர்களுக்கு அது ஒரு பெரிய லோங்காங், சாக்கடை, அவ்வளவுதான். இப்படி யாராவது சொன்னால் எனக்கு இப்போதும் மூக்குக்கு மேல் கோபம் வரும்.

படம் எடுப்பதற்கு ஒரு விதி இருந்தது. மதகின் அடியில், தண்ணீர் வற்றிய நேரத்தில், ஓர் ஆள் அளவுகோலைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். எவ்வளவு சேறு ஏறியிருக்கிறது, சுவரில் எதுவரை தண்ணீர்க் கறை இருக்கிறது என்பதை மேலதிகாரிகள் அந்தக் கோலை வைத்துப் படத்திலேயே கணக்கிடுவார்கள். கோலைப் பிடிக்க ஆண்கள் பலர் இறங்கிப் பார்த்தார்கள். ஒருவர் சிகரெட் பிடிப்பார், ஒருவர் பல்லைக் காட்டுவார், ஒருவர் நான் பொத்தானை அழுத்துகிற நேரம் பார்த்துத் தும்முவார். கடைசியில் புல் வெட்டும் கேங்கிலிருந்து, நாங்கள் அக்கா என்று கூப்பிடுகிறவள் வந்தாள். என்னைவிடப் பத்து வயது மூத்தவள். நீலச் சட்டை, முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகிய கைலி, தலையில் துண்டு. நில் என்றால் நிற்பாள். கொசு கடித்தாலும் அசையமாட்டாள்.

ஒரு மழைக்காலத்தில் வெள்ளம் அந்த அளவுகோலை அடித்துக்கொண்டு போய்விட்டது. புதுக் கோல் கேட்டு எழுதிய கடிதம் மேசை மேசையாக ஏறி இறங்கியது. படம் எடுக்கும் நாள் நெருங்கியது. வேலையாட்களை மேற்பார்க்கும் எங்கள் மண்டோர், அக்காவை அலுவலகக் கதவுநிலையில் சாய்த்து நிறுத்தி இரும்பு டேப்பால் அளந்தார். நாலடி பதினோரு அங்குலம். கோலுக்குப் பதில் இவளே நிற்கட்டும் என்றார். நான் கோப்பில் அதையே எழுதினேன்: அளவுகோலுக்குப் பதிலாகப் பணியாளர், உயரம் நாலடி பதினோரு அங்குலம். புதுக் கோல் வந்து சேர்ந்தபோது மேலதிகாரிகள் அக்காவுக்குப் பழகிப்போயிருந்தார்கள். கோல் ஸ்டோரில் தூங்கியது. அதன்பிறகு அவள் ஓய்வு பெறும்வரை அந்த மதகுக்கு அளவு அவள்தான்.

இதெல்லாம் முடிந்து இத்தனை வருடங்கள் கழித்து, கால்வாய்க் கரையில் நடைபாதை போட்டு, மதகைப் பழையபடி செப்பனிட்டு, அதன் சரித்திரத்தைச் சொல்லும் படப்பலகைகள் வைக்கப் போகிறார்கள் என்று செய்தி வந்தது. என் பழைய அலுவலகத்தில் யாரோ என் எண்ணைக் கொடுத்திருக்கிறார்கள். திட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்த கட்டடக்கலைஞர் ஒரு சீனப் பெண், பெட்டாலிங் ஜெயாக்காரி. ஆன்டி, உங்களிடம் படங்கள் இருக்கிறதா என்று மலாயில் பணிவாகக் கேட்டாள். இருக்கிறதாவா? அலுவலகம் வேண்டாம் என்று கழித்த பிரதிகள் எல்லாம் மாதவாரியாகப் பழுப்பு உறையில் என் வீட்டில் இருந்தன.

இப்போது நான் இருப்பது பிரிக்பீல்ட்ஸில். கூடத்து நாற்காலிகளை ஓரம் தள்ளிவிட்டுப் படங்களைத் தரையில் வரிசையாகப் பரப்பினேன். ஒரே இடம், ஒரே கோணம். முதல் வரிசையில் பின்னால் எண்ணெய் ஆலையின் புகைபோக்கி புகை கக்கிக்கொண்டிருந்தது. கரையில் இரண்டு தொங்காங்குகள். அடுத்த வரிசையில் படகு ஒன்றுதான், அதுவும் பாதி முழுகியது. பிறகு புகை இல்லாத புகைபோக்கி. பிறகு புகைபோக்கியே இல்லை, செம்மண் மேடு. அந்த மேட்டில் வீடுகள் முளைத்தன, கார்கள் நின்றன, கடைசிப் படங்களில் அடுக்குமாடிகள் வானத்தை மறைத்தன. அக்கா நின்ற எல்லாப் படத்திலும் மாறாமல் இருந்தவை இரண்டு. சுவரில் படகு கட்டுவதற்காகப் பதித்திருந்த இரும்பு வளையம். அந்த வளையத்துக்கு நேராக அக்காவின் உச்சந்தலை. தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து அழுதேன் என்று சொன்னால் என் பிள்ளைகள் நம்பமாட்டார்கள். ஆனால் அழுதேன். இத்தனையையும் நான்தான் எடுத்தேனா என்று இருந்தது.

என் வாய் சும்மா இருக்குமா? அன்றைக்கே அக்காவுக்குப் போன் போட்டு, நீங்கள் சுவரில் வரப்போகிறீர்கள், ஆளுயரப் படமாக, என்று சொல்லிவிட்டேன். அவள் கிள்ளானிலேயே ஓர் அடுக்குமாடியில் மகளோடு இருக்கிறாள். மறுவாரம் அவளே கூப்பிட்டாள். அந்த மாடியில் இருக்கிற எல்லா வீட்டுக்கும் சொல்லியாயிற்றாம். திறப்பு விழாவுக்குச் சேலை எடுத்து ரவிக்கையும் தைக்கக் கொடுத்துவிட்டாளாம். நான் கொடுத்தது வாக்கு என்பது அப்போதுதான் எனக்கே உறைத்தது.

பத்து நாளில் கட்டடக்கலைஞர் திரும்பக் கூப்பிட்டாள். குரலில் தயக்கம். மதகின் பலகை துருப்பிடித்துப் போய் எப்போதோ கழற்றப்பட்டுவிட்டது. புதுப் பலகையை அது முன்பு தொங்கிய அதே உயரத்தில் மாட்ட வேண்டும். அதற்காக நான் அனுப்பிய படங்களையும் கோப்பில் எழுதிய உயரத்தையும் வைத்து அளவெடுத்திருக்கிறார்கள். படத்தில் வளையம் அந்தப் பணியாளரின் உச்சந்தலைக்கு நேராக இருக்கிறது. ஆகவே அடித்தளத்திலிருந்து நாலடி பதினொன்று. ஆனால் சேற்றை வாரிவிட்டு நேரில் அளந்தால் ஐந்தடி இரண்டு. மூன்று அங்குலம் உதைக்கிறது. படங்களை நம்ப முடியாது, அதனால் ஆள் நிற்கிற படங்களை விட்டுவிட்டு வேறு நல்ல காட்சிகளை மட்டும் படப்பலகையில் போடலாம் என்று முடிவாகியிருக்கிறது என்றாள்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நாங்கள் அளந்தால் அளந்ததுதான். உங்கள் டேப்பைக் கொண்டுபோய்க் குப்பையில் போடுங்கள் என்று மலாயில் எவ்வளவு மரியாதையாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு மரியாதையாகச் சொன்னேன். மறுநாள் காலை என் சொந்த டேப்பைப் பையில் போட்டுக்கொண்டு கொமுட்டர் ரயில் ஏறினேன். தண்ணீர் வற்றும் நேரத்துக்கு மதகடியில் அந்தப் பெண் காத்திருந்தாள். எனக்கு முழங்கால் வலி, ஏணியில் இறங்க முடியாது. அவள்தான் பூட்ஸ் போட்டு இறங்கினாள். என் டேப்பின் ஒரு முனையைத் தளத்தில் வைத்து வளையம்வரை இழுத்து, நான் பார்க்கும்படி எண்ணைத் திருப்பிக் காட்டினாள். ஐந்தடி இரண்டு. இன்னொருமுறை அளக்கச் சொன்னேன். இன்னொருமுறையும் அதுதான்.

தளம் இறங்கியிருக்குமா என்று கேட்டேன். விரிசல் ஏதும் இல்லை, இறங்கவில்லை என்றாள். கதவுநிலையில் அளந்தபோது மண்டோர் தப்பாகப் படித்துவிட்டாரோ என்று சந்தேகம் வந்தது. ஆனால் பக்கத்தில் நின்று நானும்தான் பார்த்தேன். அக்கா என் காதுமடலுக்கு வருவாள். அவள் ஐந்தடி இரண்டாக இருக்கவே முடியாது.

அங்கிருந்து நேராக அக்கா வீட்டுக்குப் போனேன். போகிற வழியெல்லாம் என்ன சொல்வது என்று யோசித்தும் ஒன்றும் தோன்றவில்லை. அவள் பாலில்லாத் தேநீர், தே ஓ, போட்டுக் கொடுத்தாள். ரவிக்கை தைத்து வந்திருந்தது. கைப்பக்கம் கொஞ்சம் பிடிக்கிறது, பிரித்து விடணும் என்று எடுத்துக் காட்டினாள். அதைப் பார்த்துக்கொண்டே விஷயத்தைச் சொன்னேன். படங்களில் அளவு இடிக்கிறது, அதனால் உங்களை எடுத்துவிட்டார்கள் என்றேன். எவ்வளவு இடிக்கிறது என்று கேட்டாள். மூன்று அங்குலம் என்றேன். ரவிக்கையை மடித்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"அது கல்லு," என்றாள். "நான் கல்லு மேலதான் நின்னேன்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவளே விளக்கினாள். மதகுத் தளம் முழுக்கச் சிப்பி ஓடு. வைத்த காலைக் கத்தியாகக் கிழிக்கும். அலுவலகத்தில் கொடுத்த பூட்ஸ் எல்லாம் ஆண்கள் அளவு, போட்டால் சேற்றில் கழன்று நிற்கும். வளையத்துக்குக் கீழே சுவரில் ஒரு செங்கல் ஆடிக்கொண்டிருந்தது. முதல்தடவை இறங்கியபோதே அதை உருவி, தண்ணீருக்குள் போட்டு, அதன்மேல் ஏறி நின்றிருக்கிறாள். கணுக்கால் தண்ணீரில் கல் வெளியே தெரியாது. படம் எடுத்து முடிந்ததும் எடுத்த இடத்திலேயே செருகிவிடுவாள். எதிர்க்கரையில் நான் கேமராவை நிறுத்திக்கொண்டிருக்கும்போது அவள் குனிவதைப் பார்த்திருக்கிறேன். கை கழுவுகிறாள் என்று நினைத்திருந்தேன்.

எனக்குக் கண்மண் தெரியாமல் கோபம் வந்தது. என் கையெழுத்துப் போட்ட அறிக்கைகள் எத்தனை, அத்தனையிலும் ஒரு செங்கல் ஒளிந்திருந்திருக்கிறது. ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா, அத்தனை வருடமும் என்னை முட்டாளாக்கினீர்களே என்று கத்திவிட்டேன். உள்ளே இருந்த மகள் எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். அக்கா குரலை உயர்த்தவில்லை.

"நீ ஒருநாளாச்சும் அந்தத் தண்ணிக்குள்ள எறங்கினியா புள்ள?" என்றாள். "கால் எப்படி இருக்குன்னு கேட்டியா? கேட்டிருந்தா சொல்லியிருப்பேன் லா."

நான் இறங்கவில்லை. கேட்கவும் இல்லை. எதிர்க்கரையில் குடை நிழலில் நின்றுகொண்டு, கொஞ்சம் இடது பக்கம், தலையை நிமிர்த்துங்கள் என்று கத்தியதுதான் நான் செய்தது. அதை அவள் முகத்துக்கு நேராக ஒப்புக்கொள்ள எனக்குச் சிறிது நேரம் பிடித்தது. தப்பு என்மேல்தான் அக்கா என்றேன். அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆறிப்போன தே ஓவைக் கொண்டுபோய்ச் சுடவைத்துக் கொண்டுவந்தாள்.

அப்போதுதான் எனக்கு அடுத்த கேள்வி வந்தது. அதைக் கேட்க பயமாக இருந்தது. எப்போதும் அதே கல்தானா? இல்லை, கையில் கிடைத்த கல்லா? அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஒரே கல்லுதான். கடைசி மாசம் வரைக்கும். என்னை வச்சுத்தான அளக்குறீங்க? இந்த மாசம் ஒரு கல்லு, அடுத்த மாசம் ஒரு கல்லுன்னு நின்னா அளவு என்னாகும்?"

பெரிய படிப்புப் படித்த அதிகாரிகள் மேலே உட்கார்ந்திருந்த அலுவலகம் எங்களுடையது. அவர்களில் ஒருவரும் அவளிடம் இதை விளக்கியதில்லை. சேறு ஏறியதா, தண்ணீர்க் கறை உயர்ந்ததா என்று நாங்கள் பார்த்ததெல்லாம் போன மாதத்துக்கும் இந்த மாதத்துக்கும் உள்ள வித்தியாசம்தான். அதற்கு அவள் மாறாமல் இருந்தால் போதும். அது அவளுக்குத் தெரிந்திருந்தது. புதுக் கோல் வந்தபிறகும் நாங்கள் அவளையே நிற்கவைத்தோமே, நல்ல பூட்ஸ் ஒன்று கேட்டு வாங்கிக்கொண்டு கல்லைத் தூக்கிப் போட்டிருக்கலாமே என்றேன். போட்டிருந்தால் ஒரே மாதத்தில் நான் குட்டையாகிவிடுவேன், நீங்கள் எல்லோரும் தண்ணீர் ஏறிவிட்டது என்று ஓடியிருப்பீர்கள் என்று சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. என் அறிக்கைகளில் ஒன்றுகூடத் தப்பில்லை. அவளால் தப்பில்லை.

ஆனால் சொன்னால் யார் நம்புவார்கள்? மூன்று அங்குலத்தை மூடி மறைக்க இரண்டு பேர் சேர்ந்து கட்டிய கதை என்றுதான் நினைப்பார்கள். அதையும் அக்காவிடம் சொன்னேன். கல் இருக்கிறதே, போய்ப் பார்க்கச் சொல் என்றாள். ஓய்வு பெற்ற மாதம் கடைசியாக நின்றபிறகும் அதைச் சுவரிலேயே செருகிவிட்டுத்தான் ஏறினாளாம். சுவரின் கல் சுவரில்தானே இருக்க வேண்டும் என்றாள்.

கட்டடக்கலைஞருக்குப் போன் போட்டேன். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, மறுநாள் தண்ணீர் வற்றும் நேரம் முற்பகலில் வருகிறது, வாருங்கள் என்றாள். அன்றிரவு பிரிக்பீல்ட்ஸுக்குத் திரும்பவில்லை, அக்கா வீட்டிலேயே தங்கிவிட்டேன். காலையில் இருவரும் கிராப் வாடகைக் கார் பிடித்துப் போனோம். அக்கா அந்தக் கரைக்கு வந்து பல வருடம் ஆகியிருந்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். அவளுக்கு மலாய் நன்றாக வரும். வளையத்துக்கு நேர் கீழே வா, தளத்திலிருந்து எட்டாவது வரிசை, அங்கிருந்து ஆற்றுப் பக்கமாக மூன்றாவது கல் என்று மேலிருந்தே சொன்னாள். கீழே அந்தப் பெண் விரலால் எண்ணினாள். அந்தக் கல் மற்றக் கற்களைப் போலத்தான் இருந்தது. பாசி, சேறு, எல்லாம் ஒன்றாகப் பூசியிருந்தது. தட்டிப் பார்த்தாள், அசையவில்லை.

ஓரத்தைச் சுரண்டு, சுண்ணாம்பு இருக்காது, வெறும் சேறுதான் என்றாள் அக்கா. அந்தப் பெண் சுரண்டினாள். சுற்றி இருந்த கற்களுக்கெல்லாம் நடுவில் வெள்ளையாகச் சாந்து தெரிந்தது. அந்த ஒரு கல்லைச் சுற்றி மட்டும் கறுப்புச் சேறு வழிந்தது. கையை நுழைத்து அசைத்து அசைத்து உருவினாள். வந்துவிட்டது. பழைய சூளைக்கல், இப்போது வருவதைவிடத் தடிமன். பிரிக்பீல்ட்ஸில் சுட்டது என்று எங்கள் மண்டோர் சொல்லுவார், நிஜமோ பொய்யோ. ஒரு பக்கம் முழுக்கச் சொரசொரப்பு. மறுபக்கம் நடுவில் வழவழவென்று தேய்ந்திருந்தது. அந்தப் பெண் அதைக் கழுவிவிட்டு, எங்களிடம் ஒன்றும் கேட்காமலே டேப்பை வைத்தாள். மூன்று அங்குலம்.

பிறகு அவள் செய்ததை நான் எதிர்பார்க்கவில்லை. கல்லைத் தளத்தில் வைத்து, பூட்ஸைக் கழற்றி ஏணியில் மாட்டிவிட்டு, வெறும் காலோடு அதன்மேல் ஏறி நின்று பார்த்தாள். கீழே இறங்கித் தளத்தில் ஓர் அடி வைத்ததும் அவள் முகம் சுளித்தது. பூட்ஸைத் திரும்ப மாட்டிக்கொண்டு ஏணி ஏறி வந்தாள். உள்ளங்காலில் இரத்தம் கசிகிறது என்று சொன்னாள். அக்காவிடம் மன்னிப்புக் கேட்டாள். எல்லா அளவிலும் மூன்று அங்குலம் கூட்டிக்கொள்கிறோம், மதகுப் பலகை சரியான இடத்தில் உட்காரும், படங்கள் அப்படியே வரும் என்றாள். ஆள் இல்லாத படம் ஒன்றுகூட வேண்டாம் என்றும் சொன்னாள். கல்லைப் படப்பலகைக்குப் பக்கத்தில் கண்ணாடிப் பெட்டியில் வைக்கலாமா என்று கேட்டாள். வேண்டாம், சுவரில் ஓட்டை விழுந்தால் தண்ணீர் உள்ளே போகும், இந்தமுறை சாந்து வைத்துப் பூசச் சொல் என்றாள் அக்கா.

திறப்பு விழா ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை. மைக், பந்தல், நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம், எல்லாம் இருந்தது. முதல் படப்பலகையிலேயே அக்கா ஆளுயரத்துக்கு நின்றாள், புகைபோக்கியின் புகை பின்னால் போய்க்கொண்டிருக்க. கீழே அவள் பெயர். அதன்கீழ், இந்த மதகை இவரை வைத்தே அளந்தோம் என்று மலாயிலும் தமிழிலும் ஆங்கிலத்திலும் சீனத்திலும் எழுதியிருந்தது. தமிழில் ஒரு பிழையும் இல்லை, நானே மூன்றுதடவை படித்துத் திருத்திக் கொடுத்தது. கூட்டத்தில் யாரோ, இந்த லோங்காங்குக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம் என்று கேட்டது என் காதில் விழுந்தது. எனக்குக் கோபம் வரவில்லை. அவரைக் கூப்பிட்டுப் படத்தின்முன் நிறுத்தி, இது எங்கள் ஆட்கள் வெட்டிய கால்வாய், இவள் எங்கள் அக்கா, படம் எடுத்தது நான் என்று சொன்னேன். என் வாழ்க்கையில் அவ்வளவு பெருமையாக எதையும் சொன்னதில்லை.

அக்கா புதுச் சேலையில் வந்தாள், மாடி வீட்டுக்காரர்கள் ஒரு வேன் நிறைய வந்தார்கள். படத்தின்முன் ஒரு நிமிடம் நின்றாள், அவ்வளவுதான். கம்பியோரம் போனாள். புதிதாக மாட்டிய மதகுப் பலகையை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். பிறகு சுவரைப் பார்த்தாள். கட்டடக்கலைஞரைக் கைநீட்டிக் கூப்பிட்டு, பலகைக்கு மேலே செங்கல் இடுக்கில் முளைத்திருந்த அரசங்கன்றைக் காட்டினாள். இதை யார் விட்டுவைத்தது, இன்னும் ஆறு மாதத்தில் சுவரைப் பிளந்துவிடும், வெட்டினால் போதாது, வேரோடு எடுக்க வேண்டும் என்றாள். நாளைக்கு எடுத்துவிடுகிறோம் என்றாள் அந்தப் பெண். இப்போதே என்றாள் அக்கா. குத்தகைக்காரரின் ஆள் ஒருவர் விழாச் சட்டையைக் கழற்றிவிட்டுக் கத்தியோடு இறங்கினார். அந்த நேரம் பார்த்து மைக்கில் அக்காவின் பெயரைச் சொல்லி, ரிப்பன் வெட்ட வரும்படி அழைத்தார்கள். சிறப்பு விருந்தினர் கத்தரிக்கோலோடு எழுந்து நின்றார். நான் ஓடிப்போய் அவள் கையைப் பிடித்து இழுத்தேன்.

"இருக்கட்டும், எல்லாரும் நிக்கட்டும்," என்றாள், கண்ணைச் சுவரிலிருந்து எடுக்காமல். "வேர் முழுசா வரட்டும்."

எல்லோரும் நின்றோம்.